பஞ்சு ஏன் குழையவில்லை

ஜூன் 4

மதிப்பிற்குரிய தானியப் பரிசோதனை ஆய்வாளர் அவர்களுக்கு,

நீ என் நாத்தனார் என்பதையும், அதற்கு முன்னால் கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டவள் என்பதையும் இந்தக் கடிதம் முடியும்வரை மறந்துவிடுகிறேன். அப்போதுதான் ஒழுங்காக எழுத வரும்.

நேற்றுத் தபாலில் இரண்டு தாள் வந்தது. ஒன்று, மருத்துவமனைச் சமையல்கூடத்தின் கொள்முதல் அதிகாரி எழுதியது. விழுங்க முடியாத நோயாளிகளுக்காக நாங்கள் அனுப்பும் பஞ்சு அரிசி இந்த வருடம் குழையவில்லையாம். உதிரி உதிரியாக நிற்கிறதாம். தட்டுத் தட்டாகத் திரும்பி வருகிறதாம். ஆகவே நான் வேறு ரகத்தைக் கலந்துவிட்டேனாம். இன்னொரு தாள் பரிசோதனை அறிக்கை. அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் அளவு இருக்க வேண்டியதைவிட மிக அதிகம் என்று போட்டு, கீழே கடைசி எழுத்துக்கு வால் இழுத்த ஒரு கையெழுத்து. அந்த வாலை எனக்கு நன்றாகத் தெரியும்.

பஞ்சு உன் அப்பா வருடக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ரகம். இந்த மலைக்கு நானும் உன் அண்ணனும் வந்ததே, அக்கம்பக்கத்தில் வேறு நெல்லே இல்லாத இடம், கலப்பு எட்டிக்கூடப் பார்க்காது என்பதால்தான். அதே விதையைக் கலந்துவிட்டேன் என்று இப்போது நவம்பரில் விதைச் சான்றுக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் பஞ்சையும் ரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், எங்கள் விதை உரிமத்தையும் எடுத்துவிடுவார்கள்.

ஃபோன் செய் என்றார் உன் அண்ணன். ஃபோனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. என் ஒரே கேள்வி: கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

இப்படிக்கு,
கலப்படக்காரி


ஜூன் 13

அண்ணிக்கு,

மூன்று விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. கோபத்தில் நீ அவற்றை ஒன்றாக்கிவிட்டாய்.

எங்களுக்கு வரும் மாதிரிகளில் பெயர் இருக்காது, வெறும் எண்தான். அது உன் அரிசி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஏனென்றால் அளவு சரி. இப்போதும் அந்த அளவிலிருந்து பின்வாங்க மாட்டேன். ஆனால் ‘கலப்பு’ என்ற வார்த்தை என் அறிக்கையில் எங்கேயும் இல்லை. அது கொள்முதல் அதிகாரியின் வார்த்தை. நான் அளந்தேன், அவர் தீர்ப்புச் சொன்னார்.

உன் பெயரைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் எழுதினால் நீ சிரிப்பாய்.

விதை கொஞ்சம் அனுப்பு. அப்பா கொடுத்த மூல விதை எங்கள் குளிர் அறையில் பத்திரமாக இருக்கிறது. இரண்டின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கலந்திருந்தால் தெரியும், கலக்கவில்லை என்றாலும் தெரியும். இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும், கோபப்படாதே. நீ அனுப்பியது பழைய அரிசியா? பழையது உதிரியாகத்தான் வரும்.

நாத்தனார்


ஜூன் 24

பூதக்கண்ணாடிக்கு,

பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், பார்த்துக்கொள். கோபம் போனதாக அர்த்தமில்லை. ‘நாத்தனார்’ என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? விதை விற்றுப் பிழைப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். அவர் உன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. டிராக்டருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

விதை அனுப்பியிருக்கிறேன், சமையல்கூடத்துக்குப் போன அதே குவியலிலிருந்து. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் வீட்டில் தினமும் பஞ்சுதான் சாப்பிடுகிறோம். உன் அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஒரு வாரம் அதைத்தான் கரைத்துக் குடித்தார். வாயில் வைத்தால் தானாக இறங்குகிறது. உங்கள் மெஷினுக்கு என்ன கோளாறோ?

சட்டாம்பிள்ளை


ஜூலை 8

சட்டாம்பிள்ளைக்கு,

உட்கார்ந்து படி.

உன் விதையும் அப்பாவின் மூல விதையும் ஒன்றேதான். ஒப்பிட்ட இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு சின்ன வித்தியாசம்கூட இல்லை. ஒரே ஒரு மணி தவறிப்போய்க் கலந்திருந்தாலும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தனித்தனி மணியாக எடுத்தும் பார்த்தேன். சுத்தமான பஞ்சு. இதைத் தனி அறிக்கையாகத் தந்திருக்கிறோம். என் கையெழுத்து வேண்டாம் என்று பக்கத்து மேசைக்காரரைப் போடச் சொன்னேன்.

மெஷினுக்கும் கோளாறு இல்லை. மீதி இருந்த அரிசியைத் திரும்ப அரைத்து அளந்தேன். அமைலோஸ் முன்பு போலவே அதிகம். அமைலோஸ் கூடினால் சோறு விறைத்து நிற்கும், குறைந்தால் குழையும் என்பது உனக்கே தெரியும்.

ஆக, உன் விதை சரி. என் அளவும் சரி. இரண்டும் சரியாக இருக்க முடியாது என்றுதான் இத்தனை நாளாக நாம் சண்டை போட்டோம். இரண்டும் சரி என்றால் நாம் பார்க்காத மூன்றாவது ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. மதியம் சாப்பிடப் போகாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாகிவிட்டது, ஒரு விஷயம் இப்படி என்னைச் சாப்பிட விடாமல் செய்து.

உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது. வீட்டில் சாப்பிடும் பஞ்சு குழைகிறது என்கிறாய். அது எந்த வயலில் விளைந்தது?

பூதக்கண்ணாடி


ஜூலை 17

அடியே,

உன் கேள்வியைப் படித்துவிட்டு அரிசிப் பானைக்குப் போய்ப் பார்த்தேன். அது வயலிலேயே விளைந்ததல்ல.

நாற்றங்காலுக்காக வீட்டுக்குப் பின்னால் பாலித்தீன் கூடாரம் போட்டிருக்கிறோம். போன வருடம் நட்டது போக மிஞ்சிய நாற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதற்குள்ளேயே விட்டுவிட்டேன். அதுவும் கதிர் விட்டது. விற்கிற அளவு இல்லை, வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டு, என் அரிசி குழைகிறது என்று உன்னிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

விற்ற குவியலிலிருந்து மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வேகவைத்தேன். அதே பாத்திரம், அதே தண்ணீர். எழுதவே கஷ்டமாக இருக்கிறது. கரண்டியால் அள்ளினால் மணி மணியாகக் கொட்டுகிறது. ஒரு நோயாளிக்கு இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கொள்முதல் அதிகாரியை மனதுக்குள் திட்டியதையெல்லாம் பாதியாவது திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி ‘கலப்பு’ என்ற வார்த்தைக்காக அப்படியே இருக்கிறது.

ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே எரு. கூடாரத்துக்குள் ஒரு சோறு, வெளியே ஒரு சோறு. இரண்டையும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். கூடாரத்துக்குள் வேறு என்ன? வெக்கைதான். உள்ளே போனால் புழுங்கும். வெளியே, கதிர் முற்றும்போது நாங்கள் ஸ்வெட்டர் போட ஆரம்பித்துவிடுவோம். மலையில் விளைந்ததைச் சமையல்கூடத்துக்கு அனுப்பியதும் இந்த வருடம்தான் முதல் தடவை.

சட்டாம்பிள்ளை


ஜூலை 29

சட்டாம்பிள்ளைக்கு,

கூடார அரிசியில் அமைலோஸ் குறைவு. அப்பா சமவெளியில் விளைவித்த பஞ்சில் என்ன இருந்ததோ, கிட்டத்தட்ட அதே அளவு. நீ வெக்கை என்று எழுதியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பஞ்சின் ஜீனை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் அவசரப்படுகிறது, பொறுத்துக்கொள்.

கல்லூரியில் படித்ததுதான். நீ முதல் பெஞ்சில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய், நான் கடைசியில் தூங்கிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் நானே சொல்கிறேன்.

அமைலோஸைச் செய்ய ஒரு என்சைம் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பது ஒரு ஜீனில் எழுதியிருக்கிறது. செல் அந்த ஜீனிலிருந்து ஒரு பிரதி எடுக்கும். அதுதான் ஆர்என்ஏ. அந்த முதல் பிரதியை அப்படியே பயன்படுத்த முடியாது. வேண்டிய பகுதிகளுக்கு நடுவே என்சைமுக்குத் தேவைப்படாத நீண்ட பகுதிகளும் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். இந்த வெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் ஸ்ப்ளைசிங் என்று பெயர். ஒட்டி முடித்த பிரதியிலிருந்து என்சைம் பிறக்கும். வெட்டப்படாத பிரதியால் பயனில்லை. கொஞ்ச நேரம் கிடந்து சிதைந்துவிடும்.

எங்கே வெட்டுவது என்று செல்லுக்குத் தெரிய, ஒவ்வொரு வேண்டாத பகுதியின் தொடக்கத்திலும் ஒரு குறி இருக்கும். பஞ்சின் இந்த ஜீனில் முதல் வெட்டுக்கான குறியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. வெட்டுகிற புரதக் கூட்டம் அங்கே வந்து, இதுதானா, இல்லையா என்று தடுமாறுகிறது. சில பிரதிகள் வெட்டப்படுகின்றன. பல தப்பிவிடுகின்றன. அதனால் என்சைம் குறைவு, அமைலோஸ் குறைவு, சோறு குழைகிறது.

இனி என் ஊகம். வெப்பத்தில் அந்தத் தடுமாற்றம் அதிகமாகிறது. குளிரில் எப்படியோ சமாளித்து வெட்டிவிடுகிறார்கள். உன் மலையில் அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் உன் சோறு கெட்டுப்போனது.

இது வெறும் ஊகம் என்பதை அடிக்கோடிட்டுப் படி. நிரூபிக்க, கதிரில் பால் பிடிக்கும் சமயத்து மணி வேண்டும். அப்போதுதான் இந்த ஜீன் மும்முரமாக வேலை செய்யும். வயலிலிருந்து கொஞ்சம், கூடாரத்திலிருந்து கொஞ்சம். இந்த வருடமும் கூடாரத்தில் நட்டிருக்கிறாய் என்று நம்புகிறேன். பாதுகாக்கும் திரவம் ஊற்றிய சின்னக் குப்பிகளும் கையுறைகளும் அனுப்பியிருக்கிறேன். கையுறை இல்லாமல் தொடாதே. உன் விரலில் இருப்பதே போதும், ஆர்என்ஏவைத் தின்று தீர்த்துவிடும்.

பூதக்கண்ணாடி


ஆகஸ்ட் 6

பூதக்கண்ணாடிக்கு,

ஆக, உன் அப்பா இத்தனை வருடம் ஊருக்கு விற்றது ஓர் எழுத்துப் பிழையை. உன் அண்ணனிடம் சொன்னேன். அப்பா கையெழுத்தே அப்படித்தான் இருக்கும் என்றார்.

கூடாரத்தில் நட்டிருக்கிறேன். பல் வைத்தியர் அடுத்த பல்லுக்கும் நாள் குறித்திருக்கிறார், அதனால்.

உன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாள் களை பிடுங்கினேன். கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வரிசையாக எல்லாம் எழுத மாட்டேன், தோன்றியபடி எழுதுகிறேன்.

வெட்டி எறியத்தான் போகிறார்கள் என்றால் அந்த வேண்டாத பகுதியை ஜீனில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? முதலிலேயே இல்லாமல் இருந்தால் வேலை மிச்சமில்லையா? அடுத்தது, நீ சொல்கிற தடுமாற்றம் பற்றி. கூடாரத்தில் அந்தச் செல் பிரதியே குறைவாக எடுத்திருக்கலாமே? அப்படியும் என்சைம் குறையும். வெட்டுவதில்தான் கோளாறு, எடுப்பதில் இல்லை என்று எப்படிச் சொல்வாய்? குழுவில் யாராவது இதைக் கேட்டால் நீ மாட்டிக்கொள்வாய்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மலையில் விளைந்த இந்த விதையைக் கீழே கொண்டுபோய் வெயிலில் விதைத்தால் குழையுமா, குழையாதா? இங்கே இரண்டு வருடம் இருந்ததில் அது பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்காதா? மாற்றிக்கொண்டது என்றால், டிஎன்ஏ என்ன சொன்னாலும் நான் பஞ்சைக் கெடுத்தவள்தான்.

நமக்குள்ளேயும் இப்படி வெட்டி ஒட்டுகிறார்களா?

வகுப்பில் இதை எழுதி வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது பரீட்சைக்காக எழுதினேன். ஒரு கேள்விகூட வரவில்லை. இப்போது பார்.

சட்டாம்பிள்ளை


ஆகஸ்ட் 15

சட்டாம்பிள்ளைக்கு,

இந்தக் கேள்விகளில் ஒன்றை எங்கள் பரிசோதனைக்கூடத் தலைவரிடம் என் கேள்வி போலக் கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார். வாங்கிக்கொண்டேன். இப்போது உன்னிடம் ஒப்படைக்கிறேன்.

வேண்டாத பகுதி எதற்கு என்பதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் அது இருப்பதால் செல்லுக்கு ஒரு வசதி கிடைக்கிறது. ஒரு ஜீனைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் கட்டுப்பாடு என்று முன்பு நினைத்தார்கள். பிரதி எடுத்த பிறகும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை பிரதியை வெட்டி ஒட்டி வேலைக்கு அனுப்புவது, எத்தனையை அப்படியே வீணாக விடுவது என்று. எங்கே வெட்டுவது என்பதைக்கூட மாற்றலாம். நமக்குள்ளேயும் நடக்கிறதா என்றாயே, ஓயாமல் நடக்கிறது. நம் ஜீன்களில் பெரும்பாலானவற்றின் பிரதியை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டுகிறார்கள். ஒரே ஜீனின் பிரதியை இதயத்தில் ஒரு மாதிரியும் மூளையில் வேறு மாதிரியும் வெட்டுவார்கள். இரண்டு இடத்திலும் இரண்டு வேறு புரதம் கிடைக்கும். சில நோய்களே இப்படி ஓர் இடத்தில் வெட்டு தவறுவதால் வருகின்றன. அந்த வெட்டைத் திருத்தும் மருந்துகளும் இருக்கின்றன.

பிரதி எடுப்பதில் குறையா, வெட்டுவதில் குறையா என்ற கேள்விக்குப் பதில் உன் குப்பிகளில் இருக்கிறது. வெட்டிய பிரதி குட்டையாக இருக்கும், வெட்டாதது நீளமாக இருக்கும். ஜெல் என்ற பாகுத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டால் இரண்டும் தனித்தனிக் கோடாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் எடுத்தது எவ்வளவு, ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வெட்டியது எவ்வளவு.

மலை விதை பழக்கத்தை மாற்றிக்கொண்டதா என்பதற்கு மட்டும் நான் ஊகம் சொல்ல மாட்டேன். இது உன் பிழைப்பு. ஜூலையில் நீ கூடார அரிசி அனுப்பியதுமே உன் மலை விதையையும் அப்பாவின் மூல விதையையும் தொட்டிகளில் நட்டுவிட்டேன். பாதி வெப்ப அறையில், பாதி குளிர் அறையில். முளைத்திருக்கின்றன.

பூதக்கண்ணாடி


செப்டம்பர் 2

குப்பிகள் இத்துடன்.

மணியை நசுக்கினால் பால் வருகிற பதம் பார்த்துத்தான் எடுத்தேன். வயலுக்கு வெள்ளை மூடி, கூடாரத்துக்குச் சிவப்பு மூடி. உன் அண்ணன் கையுறை போட்டுக்கொண்டு கதிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் மூக்கைச் சொறிந்துவிட்டார். அந்தக் கதிரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கச் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் என்னை இப்படி அதட்டியதில்லையே என்றார். இவ்வளவு வருஷத்தில் நீங்கள் ஆர்என்ஏவைத் தொட்டதில்லை என்றேன்.

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார்.

சட்டாம்பிள்ளை


அக்டோபர் 21

சட்டாம்பிள்ளைக்கு,

ஜெல்லின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார், பிறகு படி.

இடது பக்கம் வயல். கீழே உள்ள குட்டைக் கோடு பளிச்சென்று இருக்கிறது. அது வெட்டி ஒட்டிய பிரதி. வலது பக்கம் கூடாரம். அங்கே அதே கோடு மங்கிப்போய், மேலே நீளமான கோடு தடித்து நிற்கிறது. அது வெட்டப்படாமல் தப்பியது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வயலிலும் கூடாரத்திலும் எடுத்த பிரதிகளின் மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நீ பயந்தது போலப் பிரதி எடுப்பதில் குறையில்லை. வெட்டுவதில்தான் எல்லாம்.

என் தொட்டிகளும் பால் பிடித்து, முற்றி, அறுத்தாயிற்று. உன் மலை விதை வெப்ப அறையில் மெத்தென்று குழைகிற அரிசியைத் தந்திருக்கிறது. அப்பாவின் விதையைக் குளிர் அறையில் வைத்தால் உன் மலை அரிசி போலவே விறைக்கிறது. பழக்கம் எதுவும் மாறவில்லை. நீ பஞ்சைக் கெடுக்கவில்லை. இந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படித்துக்கொள்.

தலைவரிடம் இதையெல்லாம் காட்டி, பழைய அறிக்கையில் ஒரு விளக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். அறிக்கையில் தவறு இல்லாதபோது எதைச் சேர்ப்பது, அளப்பதுதான் நம் வேலை என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அதனால் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே விசாரணைக்கு வந்து குழு முன்னால் விளக்குகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். கோபத்தில் கொள்முதல் அதிகாரியை ஏதாவது சொல்லிவிடுவாய். பேசுவதை என்னிடம் விட்டுவிடு.

பூதக்கண்ணாடி


நவம்பர் 20

பூதக்கண்ணாடிக்கு,

விசாரணை அன்று வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னிடம், “முடிஞ்சிடுச்சு, பஞ்சு பட்டியல்ல இருக்கு” என்று மட்டும் சொல்லி உன்னை ரயிலேற்றிவிட்டேன். உள்ளே என்ன நடந்தது என்று வழியெல்லாம் நச்சரித்தாய். ஸ்டேஷன் சத்தத்தில் சொல்கிற விஷயமா அது? சாவகாசமாக எழுத வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

நீ எழுந்து நின்றதும் குழுத் தலைவி அம்மா, “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்கள் அல்லவா? நீ கொஞ்சமும் யோசிக்காமல் “அண்ணி” என்று சொன்னாய். உறவுக்காரர் சாட்சி சொல்லக் கூடாது, வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கதவையும் சாத்திவிட்டார்கள். படமும் அறிக்கையும் உன் பைக்குள். பையை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாய், அந்த மட்டும் புண்ணியம்.

தலைவி அம்மா என்னைப் பார்த்து, விளக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். நானே சொல்கிறேன் என்றேன்.

படத்தை ஒட்டினேன். ஜீன், பிரதி, வெட்டு, ஒட்டு என்று ஆரம்பித்தேன். முதல் சில வாக்கியம் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், கூடாரத்தில் பிரதியே குறைவாக எடுத்திருக்கலாமே என்று இழுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களை பிடுங்கிக்கொண்டே நான் உன்னைக் கேட்ட கேள்வி. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் காட்டிச் சொன்னேன். அவர் எழுந்து பலகைக்குப் பக்கத்திலேயே வந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று போய் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வேண்டாத பகுதி எதற்கு, மலை விதை மாறிவிடாதா, நமக்குள்ளும் உண்டா. எல்லாம் நாம் அடித்துக்கொண்ட கேள்விகள்தான். குழு என்பதே மறந்து போய், மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

கொள்முதல் அதிகாரி மட்டும் விடவில்லை. “அப்போ இது ஒரு பிழை. பிழையை ரகம்னு வச்சுக்கச் சொல்றீங்களா?” என்றார்.

நான் சொன்னேன், “படிக்கிறவங்களுக்குத்தான் அது பிழை சார். விழுங்க முடியாதவங்களுக்கு அது சோறு.”

அவர் கெட்டவரில்லை. வெளியே வரும்போது, தட்டுகள் திரும்பி வந்ததைத் தன்னால் பார்க்க முடியவில்லை, அந்த வேகத்தில் எழுதிவிட்டதாகச் சொன்னார். நானும் அந்தச் சோற்றைச் சமைத்துப் பார்த்தவள்தான் என்று சொன்னேன்.

முடிவு இதுதான். விதை சுத்தம் என்று பதிவாகிவிட்டது. உரிமம் அப்படியே இருக்கும். ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் முற்றிய பஞ்சு குழையாது என்று இனி ஒவ்வொரு விதை மூட்டையிலும் அச்சடிக்க வேண்டும். சமையல்கூடம் எங்களிடம் அரிசி வாங்காது. எங்கள் விதையை வாங்கிச் சமவெளியில் விதைப்பவர்களிடம் வாங்கும். நியாயம்தான். எவ்வளவு விளக்கினாலும் என் மலை அரிசி குழையப் போவதில்லையே. அரிசி வியாபாரம் போனதில் உன் அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. விதை நம்மோடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கம்தான்.

கடைசியாக ஒன்று. முடிகிற நேரத்தில் தலைவி அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். மலையில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ராத்திரிதான் குளிர்கிறது. அப்படியானால் அந்த வெட்டைத் தீர்மானிப்பது பகல் வெப்பமா, இரவு வெப்பமா? “தெரியாது” என்றேன். கல்லூரியில் அந்த வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் மயக்கம் போட்டு விழுந்திருப்பேன். அன்றைக்குச் சொல்லும்போது உடம்பெல்லாம் ஒரு மாதிரி குறுகுறுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை. கல்லூரி முடிந்ததும் கிடைத்த ஆராய்ச்சிப் படிப்பு இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது நீ என்னோடு ரொம்ப நாள் பேசாமல் இருந்தாய். அப்போது உனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. வருத்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. புரிகிறது என்றுதான் சொல்கிறேன்.

பகலா, இரவா? உனக்குத் தெரியும்தானே?

சட்டாம்பிள்ளை


டிசம்பர் 1

சட்டாம்பிள்ளைக்கு,

எனக்கும் தெரியாது.

பொய் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்றே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வருகிற மாதிரி சில ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பஞ்சில் யாரும் பார்க்கவில்லை. தலைவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் பகல் என்றார். ஏன் என்று கேட்டால், மனசுக்குத் தோன்றுகிறது என்கிறார். இவரை நம்பித்தான் உன் விதை அறிக்கையில் கையெழுத்து வாங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே உன் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, குரல் மட்டும். முதலில் மெதுவாக, பிறகு வகுப்பில் எல்லோரையும் உட்காரச் சொல்கிற அந்தப் பழைய குரல். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று கதவுவரை போய்விட்டு வந்தேன்.

என்னை வெளியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. நான் பேசியிருந்தால், நிரூபணமாகவில்லை, ஊகிக்கப்படுகிறது, மேலும் ஆய்வு தேவை என்று சொல்லி அவர்களைத் தூங்க வைத்திருப்பேன்.

தலைவரிடம் அடுத்த பருவத்துக்கு விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். ஒரு கேள்வி இருக்கிறது, அது மலையில் இருக்கிறது என்றேன். விடுப்பாக வேண்டாம், வேலையாகவே போய்விட்டு வா, குப்பிகளை மறக்காதே என்று சொல்லிவிட்டார். அவரைப் பற்றி நான் எழுதியதில் பாதியை நீயும் மறந்துவிடு.

பால் பிடிக்கிற சமயத்தில் வருகிறேன். வெக்கை தங்கும்படி பகலில் மூடி இரவில் திறப்பது ஒன்று, இரவில் மூடி பகலில் திறப்பது ஒன்று என்று இரண்டு பாத்தி பிரித்து வை. எப்படி மூடுவது என்பது உன் பாடு. நான் இரவு என்று பந்தயம் கட்டுகிறேன். காரணம் வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன்.

பூதக்கண்ணாடி


டிசம்பர் 9

பூதக்கண்ணாடிக்கு,

பகல்.

கம்பளி எடுத்து வா. உன் குறட்டைக்கு உன் அண்ணன் இப்போதே பஞ்சு தேடிக்கொண்டிருக்கிறார், காதில் அடைத்துக்கொள்ள.

சட்டாம்பிள்ளை